தேடத் தொடங்கிய தேதி

ஒரு கொலை வழக்குக் கட்டு கைக்கு வந்தால் வக்கீல் முதலில் எழுதி வைப்பது தேதிப் பட்டியலைத்தான். சம்பவம் எந்தத் தேதி, அது காவல் நிலையத்துக்குத் தெரிந்தது எந்தத் தேதி என்று இரண்டையும் அடுத்தடுத்து எழுதுவோம். நடுவில் இடைவெளி விழுந்திருந்தால் எதிர்த்தரப்பு அங்கேதான் காலூன்றும். கடலூர் மாவட்டத்தில் தொழில் செய்யும் எங்களால் மறக்க முடியாத ஒரு வழக்கில் அந்த இடைவெளி நான்கு நாள். நாவரசு வழக்கு என்றால் இன்றும் எங்கள் பார் அசோசியேஷனில் ஒரு நிமிடம் பேச்சு நின்றுவிடும்.

1996 நவம்பர் 6. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் உள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி. பொன் நாவரசு முதலாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர், விடுதியில் தங்கிப் படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொன்னுசாமியின் மகன். அன்று பிற்பகலுக்குப் பிறகு அவரைப் பார்த்தவர்கள் இல்லை. மறுநாள் 7ஆம் தேதி சென்னையில் ஒரு மாநகரப் பேருந்தில் அடையாளம் தெரியாத ஓர் ஆணின் உடற்பகுதி கிடைத்தது. தீபாவளிக்கு மகன் வந்துவிடுவான் என்று வீடு எதிர்பார்த்திருந்தது. வரவில்லை என்றதும் தேடி, மகனைக் காணோம் என்று தந்தை அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது 10ஆம் தேதி. 14ஆம் தேதி மன்னார்குடி நீதித்துறை நடுவர் முன் மூத்த மாணவர் ஜான் டேவிட் சரணடைந்தார்.

இந்தத் தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். 7ஆம் தேதியே சென்னைப் போலீசாரின் கையில் பெயரில்லாத ஓர் உடல் இருக்கிறது. அந்த உடலுக்குப் பெயர் கொடுக்கக்கூடிய ஒரு வரி அண்ணாமலை நகர் காவல் நிலையப் பதிவேட்டில் ஏறியது 10ஆம் தேதிதான். நடுவில் இருந்த நாட்களில் இரண்டு நிலையங்களையும் சேர்க்க ஒரு காகிதமும் இல்லை. புகார் முந்தியிருந்தால் உயிர் மிஞ்சியிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. 6ஆம் தேதியே ராகிங்கின்போது கொலை நடந்துவிட்டது என்பதுதான் அரசுத் தரப்பு வழக்கு. ஆனால் விடுதியில் பிள்ளையை விட்டிருக்கும் எந்தப் பெற்றோரும் அந்த நான்கு நாட்களை நினைக்காமல் இருக்கக் கூடாது என்று சொல்வேன்.

வழக்கு கடலூர் முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் நடந்தது. கண்ணால் கண்ட சாட்சி கிடையாது. முழுக்க முழுக்கச் சூழ்நிலைச் சாட்சியம். கடைசியாக இருவரையும் சேர்ந்து பார்த்ததாகச் சொன்ன மாணவர்களின் சாட்சியம், குற்றம் சாட்டப்பட்ட ஜான் டேவிட் கொடுத்த வாக்குமூலத்தின் பேரில் கைப்பற்றிய பொருட்கள், உடல் நாவரசுடையதுதான் என்று நிறுவிய அறிவியல் சோதனைகள் என்று ஒவ்வொரு கண்ணியாகக் கோத்தார்கள். 1998 மார்ச் 11 அன்று ஆயுள் தண்டனை. 2001 அக்டோபர் 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், சங்கிலி முழுமையாகவில்லை என்று விடுதலை செய்தது. 2011 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்துசெய்து ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. பிள்ளை காணாமல் போன நாளிலிருந்து கணக்கிட்டால் பதினான்கு ஆண்டுக்கு மேல்.

மூன்று நீதிமன்றங்களும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: கொன்றது யார்? குற்ற வழக்கு அதைத்தான் கேட்க முடியும். ஒரு மாணவன் விடுதிக்குத் திரும்பாத முதல் இரவில் "இவன் எங்கே?" என்று கேட்கும் பொறுப்பு யாருடையது என்பது எந்தக் குற்றப் பத்திரிகையிலும் வராத கேள்வி. எனக்கோ இத்தனை வருஷத் தொழிலில் அதுதான் பெரிய கேள்வியாகப் படுகிறது. தீ, வெள்ளம், புயல், விபத்து, காய்ச்சல், ராகிங், மன உளைச்சல் என்று ஆபத்துக்கு எத்தனை பெயர் இருந்தாலும், முதல் ஒரு மணி நேரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆள் இருந்தாரா என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமைகிறது. முன்னேற்பாடு என்று நான் சொல்வது முதலில் அந்த ஆளைத்தான்.

விடுமுறைக்கு முந்தைய நாட்கள் இதில் மிக மோசமானவை. ஊருக்குக் கிளம்பியிருப்பான் என்று விடுதி நினைக்கும். இன்னும் வகுப்பு முடிந்திருக்காது என்று வீடு நினைக்கும். அறைத்தோழன் தன் பையைக் கட்டுவதில் மும்முரமாக இருப்பான். மூன்று பேரும் நல்லவர்கள்தான். ஆனால் அந்த மூன்று நினைப்புக்கும் நடுவில் ஒரு பிள்ளை யார் கணக்கிலும் இல்லாமல் போய்விடுகிறது.

என் ஊர் கம்மாபுரம். விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் நடுவில், சுரங்கம் ஒரு பக்கமும் வயல் மறுபக்கமுமாக உள்ள ஒன்றியத் தலைமையிடம். வெளிமாவட்டப் பிள்ளைகள் எங்கள் விருத்தாசலம் செராமிக் காலேஜுக்கு வந்து தங்கிப் படிப்பார்கள். எங்கள் பிள்ளைகள் சேலம், கோவை, சென்னை என்று போய் விடுதியில் தங்குவார்கள். பல வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் பிள்ளை. தாய் தகப்பன் அந்தக் கல்லூரி வாசலைச் சேர்க்கைக்கு ஒரு தடவை பார்த்ததோடு சரி.

அப்படி ஒரு வீட்டுத் தாய் பொங்கல் சமயத்தில் என் அலுவலகத்துக்கு வந்தார். கூடவே அவர் தம்பி. மகன் வேறு மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரி விடுதியில் இருந்தான்.

"வக்கீல் சார், புள்ள நேத்து காலையிலயே கெளம்பிட்டானாம். இன்னும் வந்து சேரல. போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப்னு வருது. ஆஸ்டல்ல கேட்டா லீவு விட்டாச்சு, எல்லாரும் போயிட்டாங்கன்னு வாட்ச்மேன் சொல்றாரு."

"ஸ்டேஷன்ல சொன்னீங்களாம்மா?"

"ஒரு நாள் பொறுத்துப் பாருங்க, பசங்க அப்படித்தான்னாங்க. நாளைக்குக் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டலாம்னு தம்பி சொல்றான்."

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் உள்ள கொளஞ்சியப்பர் கோயிலில், பொருள் களவு போனாலும் ஆள் காணாமல் போனாலும் முறையீட்டை மனுவாக எழுதி, வேல் அருகே கட்டிவிட்டு வருவார்கள். அதற்குப் பிராது கட்டுவது என்று பெயர். குறை தீர்ந்ததும் திரும்பப் போய் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். எங்கள் பக்கத்து நம்பிக்கை அது, எனக்கும் உண்டு. "கட்டுங்கம்மா, அதுக்கு முந்தி இந்தப் பிராதுல கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லி, காவல் நிலையத்துக்கு மனு எழுத உட்கார்ந்தேன்.

எழுதத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, அந்தத் தாயிடம் எத்தனை தகவல் இல்லை என்று. அறைத்தோழன் பெயர் தெரியும், எண் தெரியாது. எந்தப் பேருந்து, எந்த வழி என்று தெரியாது. என்ன சட்டை போட்டிருந்தான் என்று தெரியாது. விடுதிக் காப்பாளர் பெயரே தெரியாது. சேர்க்கையின்போது வாங்கிய ரசீதில் கல்லூரி அலுவலகத்தின் தரைவழித் தொலைபேசி எண் மட்டும் இருந்தது. அது அடித்துக்கொண்டே இருந்தது. கையில் இருந்த ஒரே நல்ல ஆதாரம், முந்தைய மாதம் ஒரு கல்யாணத்தில் எடுத்த புகைப்படம்.

காவல் நிலையத்தில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது போட்டுத் தருகிறோம் என்றார்கள். ஆள் காணவில்லை என்று எஃப்.ஐ.ஆர். போடுங்கள் என்று நின்றோம். போட்டார்கள். புகைப்படத்தோடு தகவல் மற்ற மாவட்டங்களுக்குப் போனது. அன்று இரவே பதில் வந்தது. வழியில் உள்ள ஓர் ஊரில் அரசு மருத்துவமனையில், சாலையோரம் வண்டி மோதிக் கிடந்தவன் என்று 108 ஆம்புலன்சில் கொண்டுவந்து சேர்க்கப்பட்ட ஒரு பையன் இருந்தான்.

உயிரோடு இருந்தான். தலையிலும் காலிலும் அடி. பின்னால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு மனு போட்டபோது, அந்த மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல் என் கைக்கு வந்தது. ஏ.ஆர். காப்பி என்போம். அதில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 20" என்று எழுதியிருந்தது. அழைத்து வந்தவர்: 108 பணியாளர். இரத்த வகை: குறிப்பு இல்லை. போன் நொறுங்கிவிட்டது. அவன் சட்டைப் பையில் கல்லூரி அடையாள அட்டை இருந்திருக்கிறது. பதிவு எழுதியபின் மருத்துவமனை ஊழியர் அதைப் பார்த்து முறையாகக் கூப்பிட்டும் இருக்கிறார். அட்டையில் அச்சிட்டிருந்த ஒரே எண், நாங்கள் கூப்பிட்ட அதே அலுவலக எண். பொங்கல் விடுமுறையில் பூட்டிய அறைக்குள் அது அடித்திருக்கிறது. பெற்றோர் எண் அட்டையில் இல்லை. இரத்த வகை என்ற கட்டம் இருந்தது. அதில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்கள்.

அந்த அட்டையை நீதிமன்றத்தில் சான்றாவணமாகக் குறித்தோம். இழப்பீடு கிடைத்தது. மனுதாரர் குடியிருக்கும் இடத்திலேயே இழப்பீட்டு மனு போடலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் இடம் கொடுப்பதால், விருத்தாசலத்திலேயே நடத்த முடிந்தது. ஆனால் தீர்ப்பில் வந்த தொகையைவிட அந்த அட்டையின் பின்பக்கம்தான் என் மனதில் நிற்கிறது. "தொலைந்தால் திருப்பித் தரவும்" என்று கல்லூரி முகவரி போட்டிருந்தது. அட்டை தொலைந்தால் என்ன செய்வது என்று யோசித்தவர்கள், அதை வைத்திருக்கும் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யாரிடம் சொல்வது என்று யோசிக்கவில்லை.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. நாவரசு மறைவை அடுத்துத் தமிழ்நாடு அரசு ராகிங்குக்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அது 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டமானது. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேச மருத்துவக் கல்லூரி ஒன்றில் அமன் கச்ரூ என்ற மாணவர் ராகிங்கில் இறந்தபின், அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. அவற்றைப் படித்துப் பார்த்தால் நான் மேலே கேட்ட கேள்விக்கான பதில் இருக்கிறது. விடுதிக் காப்பாளர் எந்த நேரத்திலும் தொலைபேசியில் கிடைக்க வேண்டும், அந்த எண்ணை எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும் என்கிறது. முதலாண்டு மாணவரை முடிந்தவரை தனிக் கட்டடத்தில் தங்கவைக்கச் சொல்கிறது. குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆர். போடவைக்கும் கடமையை நிறுவனத் தலைவர் மேல் வைக்கிறது. 1800-180-5522 என்ற இலவச உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது.

தீ விஷயத்திலும் அப்படியே. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் கருகினார்கள். அதையொட்டிப் போடப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான கட்டடத்தில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீயணைப்புக் கருவி வைத்தால் மட்டும் போதாது, அதை இயக்க ஊழியருக்குப் பயிற்சியும் வேண்டும் என்றது. பியாஸ் ஆற்றுக்குப் பள்ளிச் சுற்றுலா போன 14 மாணவர் மூழ்கிய வழக்கில், பொறுப்பான பெற்றோர் எவ்வளவு கவனமாக இருப்பார்களோ அவ்வளவு கவனத்தை ஆசிரியரிடம் எதிர்பார்ப்போம் என்று சொல்லி, தலைக்கு 5 லட்சம் இழப்பீட்டை 2001இல் உறுதி செய்தது. 2025 ஜூலையில் சுக்தேப் சாஹா வழக்கில் மாணவர் மனநலம் பற்றி வழிகாட்டு நெறிகள் தந்தது: நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனத்தில் மனநல ஆலோசகர் இருக்க வேண்டும், ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி வேண்டும், உதவி எண்கள் விடுதியில் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதப்பட வேண்டும். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416.

சட்டம் இத்தனை இருந்தும் அது பிள்ளையின் கட்டிலருகே வந்து சேர்வதில்லை. கொண்டுவந்து சேர்ப்பது பெற்றோரும் மாணவரும் நச்சரித்துச் செய்ய வேண்டிய வேலை. அதனால் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் என்னிடம் சான்றொப்பம் வாங்க வரும்போது சிலவற்றைக் கட்டாயமாகச் சொல்லி அனுப்புகிறேன்.

ஒரு தாளில் அப்பா, அம்மா, தாய்மாமன் எண்களையும் இரத்த வகையையும், ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் அதையும் பேனாவால் எழுதி, அடையாள அட்டை உறைக்குள் வைத்துக்கொள். போனில் இருப்பது போன் உயிரோடு இருக்கும்வரைதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, மின்சாரம் வர வாரக்கணக்கான ஊர்கள் இருந்தன. போன் சார்ஜ் இறங்கியதும் பெற்ற பிள்ளையின் எண்ணைச் சொல்லத் தெரியாமல் பெற்றோரும், பெற்றோர் எண்ணைச் சொல்லத் தெரியாமல் பிள்ளைகளும் தவித்தார்கள். இரண்டு எண்களாவது மனப்பாடமாக இருக்கட்டும்.

இரண்டு அறைத்தோழர்களின் எண் உன் வீட்டில் இருக்கட்டும். உன் வீட்டு எண் அவர்களிடம் இருக்கட்டும். ஊருக்குக் கிளம்பும்போது பேருந்து ஏறியதும் ஒரு செய்தி, வீடு சேர்ந்ததும் அறைத்தோழனுக்கு ஒரு செய்தி. வீட்டுக்குச் சொல்வதை எல்லாரும் செய்வார்கள். விடுதிக்குத் திரும்பச் சொல்வதை யாரும் செய்வதில்லை. அவுட்பாஸ் என்பது வெளியே விடும் சீட்டாக மட்டும் இருக்கக் கூடாது, போய்ச் சேர்ந்ததை உறுதி செய்யும் சீட்டாகவும் இருக்க வேண்டும் என்று காப்பாளரிடம் கேள்.

விடுதிக்குப் போன முதல் வாரத்தில் இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று பார். அது பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேள். இரவில் நண்பனுக்கு உடம்பு முடியாமல் போனால் வெளிக்கதவைத் திறக்க யாரை எழுப்ப வேண்டும், பக்கத்தில் இருபத்து நான்கு மணி நேர மருத்துவமனை எது என்று தெரிந்துகொள். 108, 112 என்ற அவசர எண்கள் இரண்டுக்கும் வார்டன் அனுமதி வேண்டியதில்லை. கூப்பிட்டுவிட்டுத் தகவல் சொல்லலாம். முதல்வரின் காப்பீட்டுத் திட்ட அட்டை, ஆதார், மதிப்பெண் சான்றிதழ் நகல்களை வீட்டில் ஒரு செட் வைத்துவிட்டுப் போ. மூலச் சான்றிதழ் நனைந்து போன பிள்ளைகள் 2015 வெள்ளத்துக்குப் பிறகு தாலுகா அலுவலகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடந்த நடை கொஞ்சமில்லை.

பெற்றோருக்கு நான் சொல்வது ஒன்று. ஆள் காணவில்லை என்றால் 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இந்த நாட்டில் இல்லை. கைதுக்குரிய குற்றம் பற்றித் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கடத்தப்பட்ட மகளுக்காக ஒரு தந்தை கொடுத்த புகார் கண்டுகொள்ளப்படாமல் கிடந்ததில் பிறந்த வழக்கு அது. காணாமல் போனது பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை என்றால் கடத்தல் என்றே கருதி வழக்குப் பதிய வேண்டும் என்று அதே ஆண்டு மே மாதம் இன்னொரு தீர்ப்பு வந்தது. முதலாண்டு கல்லூரி மாணவர்களில் பதினேழு வயதினர் நிறையப் பேர் உண்டு என்பதை மறக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பிள்ளை படிக்கும் ஊருக்கு ஓட வேண்டியதில்லை; கம்மாபுரத்திலேயே கொடுக்கலாம்.

மே, ஜூன் மாதங்களில் எங்கள் ஊர்ப் பெற்றோர் நகையை அடகு வைத்து, முந்திரி விற்ற பணத்தைச் சேர்த்து எடுத்துக்கொண்டு கல்லூரிகளுக்குக் கிளம்புவார்கள். ஃபீஸ் எவ்வளவு, மெஸ் எப்படி, வேலை கிடைக்குமா என்று கேட்பார்கள். அத்தோடு இந்த மூன்றையும் கேளுங்கள்: ராத்திரி ஒரு மணிக்கு நான் கூப்பிட்டால் எடுக்கும் ஆளின் பெயரும் எண்ணும் என்ன? என் பிள்ளை இரவு அறைக்குத் திரும்பவில்லை என்றால் எத்தனை மணிக்குள் எனக்குச் சொல்வீர்கள்? விடுமுறை நாளில் இந்த அலுவலகம் பூட்டியிருந்தால் அந்த வேலையை யார் செய்வார்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். நாளைக்குச் சொல்கிறோம் என்றால் பணம் கட்டுவதையும் நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் வாங்கும் கையே பொறுப்பையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அது சலுகை அல்ல. சட்டமும் நீதிமன்றங்களும் உங்களுக்குத் தந்திருக்கும் உரிமை.